ரசமட்டம் பாயும் சக்கரத்துப் பொட்டும்

தர்மபுரி மாவட்டத்தில் சமமான இடம் என்று ஒன்றுகூடக் கிடையாது என்பதைக் கண்டுபிடித்தவர் ரசமட்டம் பாய்தான். மலையையும் கணவாயையும் விடுங்கள். டீக்கடை பெஞ்ச், தாலுகா ஆபீஸ் மேசை, சலூன் நாற்காலி எதுவும் தப்பவில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். கண்ட இடத்தில் அதை வைப்பார், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார், உச்சுக் கொட்டுவார். தொழில் என்னவோ மெஷின் ரிப்பேர். சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தொப்பூரில் ஒரு ஹோட்டலுக்கு அவரோடு போயிருந்தேன். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. நேராகப் போய்த் தோசைக்கல் மேல் ரசமட்டத்தை வைத்தார்.

"உங்க தோசை ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் முறுகலா வருமேங்க?"

மாஸ்டர் குனிந்து கல்லையே பார்த்தார். பத்து வருஷமாக அதைத் தன் கைவாகு என்றே நினைத்திருந்தாராம். திரும்பும்போது பஸ் கணவாயில் இறங்கியது. பாய் ரசமட்டத்தை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "குமிழி ஒரேயடியா அந்தப் பக்கம் போயிருச்சுங்க" என்றார் வருத்தமாக. பாதி பஸ் அவரவர் சாமியைக் கூப்பிட ஆரம்பித்தது.

எண்பதுகளில் நான் ஒரு மரவாடியில் ரம்ப ஆபரேட்டர். எங்கள் மெஷின் ஊர் ஊராகப் போகும். இரண்டு பெரிய சக்கரம், அவற்றைச் சுற்றி நாடா மாதிரி ஓடும் ரம்ப பிளேடு, ஒரு டீசல் இஞ்சின், எல்லாம் ஒரே டிரெய்லர் மேல். மரம் விழுந்த இடத்துக்கே டிராக்டரில் இழுத்துப் போய் அறுத்துக் கொடுப்போம்.

அப்படித்தான் பாப்பாரப்பட்டி பக்கம் மாதம்மா வீட்டுக்குப் போனோம். முந்தின வருஷக் காற்றில் அவர் வீட்டு வேப்பமரம் வீட்டின் மேலேயே விழுந்து சுவரை இடித்துவிட்டது. தனி ஆளாக மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். வாசல் நிலைக்கு அந்த மரத்தில்தான் சட்டம் வேண்டும் என்று பிடிவாதம். நிலை வைக்கப் புதன்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை.

முதல் சட்டம் ஒரு முனையில் நாலு அங்குலம், நடுவில் மூன்று, மறுமுனையில் நாலரை என்று அலை அலையாக வந்தது. இரண்டாவது அதைவிட மோசம். மிச்ச மரத்தில் சரியாக நாலு சட்டம்தான் தேறும். நிலைக்கு வேண்டியதும் நாலுதான். இன்னும் ஒன்று கெட்டால் மாதம்மா வீட்டுக்கு அந்த மரத்தில் வாசல் இல்லை.

"வூட்ட இடிச்ச மரமே வூட்டுக்கு வாசல் நெலவா நிக்கணும்னு வேண்டிக்கிட்டேன் தம்பி. கெடுத்துப்புடாத" என்றார் மாதம்மா. இஞ்சினை நிறுத்திவிட்டுப் பாய்க்கு ஆள் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் சைக்கிளில் வந்தார். சக்கரத்தின் மூடியைத் திறந்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. மூடியைப் பொத்தினாற்போல மூடிவிட்டார்.

அப்புறம் தொடங்கியது வேலை. மரம் ஏற்றும் தண்டவாளத்தின் மேல் முழத்துக்கு முழம் ரசமட்டம் வைத்தார். டிரெய்லருக்கு அடியில் கல் கொடுத்தார், எடுத்தார், வேறு கல் கொடுத்தார். பிளேடைத் தட்டித் தட்டி இறுக்கினார். பல் பல்லாக விரலால் தடவினார். ரசமட்டத்தை இஞ்சின் மேல் வைத்தார், என் சோற்றுத் தூக்குப்போசி மேலும் வைத்தார். ஒவ்வொரு முறையும், கெட்டுப்போன சட்டத்தையே அறுத்துச் சோதித்தோம். அலை போகவில்லை. மாதம்மா சோறு போட்டார். சாப்பிடும் இடம் சரிவாக இருக்கிறதென்று பாய் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தார்.

வெயில் தாழ்ந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. சக்கரத்து விளிம்புல பொட்டு வெக்கறீங்களா?"

வைப்பேன். வெள்ளிக்கிழமை தவறாமல், பழைய பொட்டின் மேலேயே, கட்டியாகக் குழைத்த சந்தனம். பக்தியில் நான் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

"பச்ச மரம் அறுத்த பிசினு, மரத்தூளு, உங்க சந்தனம், மூணுஞ் சேந்து சிமிட்டியாட்டம் ஆயிப்போச்சு. ஒவ்வொரு சுத்துக்கும் பிளேடு அந்த மேட்டுல ஏறி எறங்குதுங்க."

"எப்பங்க பாத்தீங்க?"

"வந்தவொடனே."

"அப்புறம் எதுக்குங்க பொழுதன்னிக்கும் பாடுபட்டீங்க?"

"வேற காரணம் ஏதாச்சும் இருந்துரட்டும்னுதான் தேடுனேன். சாமி காரியமாச்சே. நான் எப்பிடி வாயத் தொறந்து சொல்றது?"

உளியை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் தொடமாட்டேன். நீங்களே கும்புட்டுட்டு எடுங்க."

ஒரு பகல் முழுக்க என் மனசு கோணாமல் இருக்க ஒரு மனிதர் வெயிலில் கல் சுமந்திருக்கிறார். வெட்கமாகவும் பிரமிப்பாகவும் இருந்தது. கும்பிட்டேன், சுரண்டினேன், இஞ்சினைக் கிளப்பினேன். இருட்டுவதற்குள் நாலு சட்டம் வந்தது. நாலும் நூல் பிடித்தாற்போல நேர். இனிமேல் பொட்டை டீசல் டேங்கில் வைக்கும்படி இடமும் காட்டினார் பாய். அந்த இடமும் ரசமட்டம் பார்த்துத்தான்.

புதன்கிழமை நிலை வைத்தார்கள். பாய் ஏணி போட்டு ஏறி, மேல் சட்டத்தில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. "மாவட்டத்துல இது ஒண்ணு சமமா இருக்குதுங்க" என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

மாதம்மா நிலைக்குச் சந்தனம் வைத்துவிட்டு, வந்தவர்களுக்கும் கையில் பூசிக்கொண்டே வந்தார். பாயின் முன்னால் வந்ததும் தயங்கி நின்றார்.

பாய் தானாகவே முன்கையை நீட்டினார். "வையுங்க ஆத்தா. நான் என்ன சுத்தற சக்கரமா?"

அவர் கிளம்பிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். பூசிய சந்தனம் சட்டையில் பட்டுக் கலைந்துவிடக் கூடாதென்று அந்தக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையாலேயே சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனார். ஓடிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.