தரகர் இல்லாமல் விற்ற வீடு

தன் வீட்டைத் தானே விற்பது, எந்தத் தரகரின் நிழலும் வாசலில் விழக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை தின்றுகொண்டே சபாபதி முடிவெடுத்தார்.

மலாயாவில் ரப்பர் விலை படுத்தே கிடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் அது. குளுவாங் ரயில் நிலையத்தில் அவர் சாமான் கொட்டகைக் கிராணி, அதாவது குமாஸ்தா. கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து பக்கத்து ஊரான காஹாங்குக்கு வாடகைக் கார் விடப்போகிறார். முதல் வேண்டும். அவரிடம் இருந்த ஒரே முதல், வீடு. இதற்கு முன்பு சோடாக் கம்பெனி வைத்தார். விற்ற சோடாவைவிட வெடித்த சோடா அதிகம்.

அவர் மனைவி பேச்சியம்மாள் மாடு வளர்த்து ரயில்வே குடியிருப்புகளுக்குப் பால் ஊற்றுபவள். அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சு பெயரில் மட்டும்தான். மிச்சப் பேச்சு முழுவதும் அவருடையது.

"விக்கிறதுன்னா மணியத்துக்கிட்டக் குடுங்க," என்றாள் அவள். "மத்த தரகருங்க நூத்துக்கு மூணு வெள்ளி கேக்குறாங்க. அவரு ஒரு வெள்ளிதான் வாங்குறாரு."

"எதுக்கு அந்த ஒரு வெள்ளி?"

"ஆளக் கூட்டிட்டு வர்றதுக்கு."

"ஏன், வர்ற ஆளுக்குக் காலு இல்லையா?"

"பேசி முடிக்கிறதுக்கு."

"எனக்கு வாயி இல்லையா?"

பேச்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கு. அதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போனாள்.

போதாதா? அன்று சாயங்காலமே வாசலில் அட்டை தொங்கியது. வீடு விற்பனைக்கு, விலை ஆயிரம் வெள்ளி, தரகர்கள் மன்னிக்கவும்.

முதலில் வந்தவர் ராஜசேகரன். தங்காக்கில் துணிக்கடை வைத்திருப்பவர், குளுவாங்கிலும் ஒன்று திறக்க எண்ணம். சபாபதி அவரை ஒவ்வொரு மூலைக்கும் இழுத்துப் போனார். இந்த வீட்டுக்காகத் தான் பட்ட பாட்டை வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

"கூரையப் பாருங்க. போன மழையில எங்க பார்த்தாலும் ஒழுக்கு. நானே ஏறித் தகரம் அடிச்சேன். இப்ப படுக்கிற எடத்துல மட்டுந்தான் ஒழுகுது."

"அப்படிங்களா."

"அந்தத் தூணுல கரையான். நான் விடலையே. மண்ணெண்ணெய் ஊத்தி ஊத்தி அடுத்த தூணுக்கு வெரட்டிட்டேன்."

"கிணத்துத் தண்ணி எப்படி?"

"இளநி மாதிரி. மழைக்காலத்துல நீங்க கிணத்துக்கே போக வேணாம். கிணறு உள்ள வந்துரும்."

வீட்டில் கேட்டுச் சொல்வதாக ராஜசேகரன் விடைபெற்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்து மரியநாதன் என்ற தோட்டக் கிராணியும் அவர் மனைவி டொரத்தியும் வந்தார்கள். ரயில் சத்தம் கேட்குமா என்று டொரத்தி தயங்கித் தயங்கிக் கேட்டார். சபாபதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேக்கிறதாவதும்மா, கட்டிலே ஆடும். எந்த வண்டி எவ்வளவு லேட்டுன்னு நான் படுத்தபடியே சொல்லிருவேன்." டொரத்தி கணவரைப் பார்த்தார். கணவர் குடையைத் தேடினார்.

இப்படியே மாதம் ஓடியது. ஆயிரம் தொள்ளாயிரமாகி, எண்ணூறாகி, அட்டையில் அடித்து எழுத இடமில்லாமல் போயிற்று. கூட்டாளி வேறு, காரை இன்னொருவர் கேட்கிறார் என்று தினமும் வந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தரகர் மணியம் சைக்கிளை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"தரகு தர மாட்டேன்," என்றார் சபாபதி, உட்காரச் சொல்வதற்கு முன்பே.

"நீங்க தர வேணாண்ணே. வாங்குற அம்மாவே தர்றாங்க. எழுநூறு வெள்ளி, கையில காசு."

"வீட்டப் பார்க்க வேணாமா?"

"பார்த்திருக்காங்களாம். ஒழுகுறது, கரையான், எல்லாந் தெரியுமாம்."

"அவங்க புருஷன் என்ன சொல்றாரு?"

மணியம் மேசைக்காலைப் பார்த்தார். "அவருக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சா காரியம் கெட்டுருமாம்."

சபாபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொண்டாட்டி வீடு வாங்குறது தெரியாம ஒருத்தன் இருக்கான்னா, அவன் எப்பேர்ப்பட்ட மக்கு."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. நல்ல மனுசன்."

சாப்பிடும்போது இதை மனைவியிடமும் சொல்லிச் சிரித்தார். தரகுக் காசு மிச்சமானதை இரண்டு தடவை சொன்னார். பேச்சியம்மாள் ரசத்தை ஊற்றி, "பாவம், அவரு என்ன பண்ணுவாரு," என்றாள்.

பத்திரம் மாற்றும் நாளில் கோட்டு போட்டுக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனார். அங்கே பெஞ்சில், மணியத்துக்குப் பக்கத்தில், பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு வந்தே?"

"வாங்க."

"அதான் வந்துட்டேனே. நீ எதுக்கு வந்தேன்னு கேக்குறேன்."

"வீடு வாங்க."

சபாபதிக்கு முதலில் புரியவில்லை. அவள் மடியிலிருந்த பணமுடிப்பைப் பார்த்தார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். வளையல்கள் இல்லை. எத்தனை நாளாக இல்லை என்றும் அவருக்குத் தெரியவில்லை.

"மணியத்துக்கிட்டக் குடுங்கன்னு நீதானே சொன்னே?" என்றார் குரல் இறங்கி.

"நான் சொன்னா நீங்க குடுக்க மாட்டீங்கல்ல, அதான் சொன்னேன். குடுத்திருந்தா மறுவாரமே நல்ல வெலைக்கு யாருக்காவது வித்திருப்பாரு." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "சோடாவோட ரெண்டு மாடு போச்சு. காரோட வீடும் போனா எங்க போயி படுப்போம்? நீங்க தாராளமா காரு வாங்குங்க, நான் தடுக்கல. மாசம் பொறந்ததும் வாடகைய மட்டும் குடுத்துருங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் கைநாட்டு வைத்தாள். மணியம் தன் தரகை வாங்கிக்கொண்டு, சபாபதியின் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் ஏறினார்.

கார் வந்தது. தள்ளிவிட்டால் காஹாங் வரை ஓடவும் செய்தது.

சில நாள் கழித்து, கொசு ஒழிக்கும் உத்தியோகஸ்தர் ஒருவர் கிணற்றைச் சோதிக்க வந்து வாசலில் நின்றார். "வீட்டுக்காரர் யாரு?" என்றார்.

சபாபதி நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார். மூடினார். பிறகு உள்பக்கம் திரும்பி, "பேச்சி, உன்னத்தான் கேக்குறாங்க," என்றார்.