ஓடுதளம் உங்கள் பங்கைத் தொடாதது ஏன்?

வல்லக்கோட்டை,
வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்த பிறகு.

நேற்று வரை மதிப்பும் மரியாதையும் குறையாத மச்சான் ராஜசேகர் அவர்களுக்கு,

வல்லக்கோட்டை பாண்டுரங்கன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை மரகதம், மகள் ஜோதி மூவரும் உடம்பளவில் நலம். மனதளவில் எப்படி என்பது கீழே வருகிறது. அங்கே நீங்களும் தங்கச்சி ரத்னாவும் பிள்ளை ரஞ்சித்தும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று. போனில் கேட்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள், உங்கள் சிரிப்பைக் கேட்டு நானும் சிரித்துத் தொலைப்பேன், விஷயம் அப்படியே அமுங்கிவிடும். காஞ்சிபுரத்தில் பத்திரம் எழுதிப் பிழைப்பவர் நீங்கள். உங்களிடம் எதுவானாலும் எழுத்தில் இருப்பதுதான் எனக்குப் பாதுகாப்பு.

நம் வீட்டு மாடி ரூமில் குடியிருக்கும் பேச்சிராஜை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஓரகடத்தில் ஏதோ ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் வேலை. வாடகை தேதி தவறாது. குடி கிடையாது, கூட்டாளிகள் வந்து கூத்தடிப்பது கிடையாது, படிக்கட்டில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. ஒருவன் இவ்வளவு ஒழுங்காக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அது சரியாகத்தான் போயிற்று. ஆடி மாதம் முதல் அவனுக்குப் பார்சல் பார்சலாக வர ஆரம்பித்தது. ஒருநாள் பெட்டி கிழிந்திருந்தது, நானாகக் கிழிக்கவில்லை, உள்ளே எட்டிப் பார்த்தால் பாதி ஸ்டியரிங். ஆமாம், மேல் பாதி அறுத்து எடுத்ததுபோல் இரண்டு கொம்பு மட்டும். அடுத்த வாரம் பெடல், அதுவும் இரண்டே இரண்டு, க்ளட்சைக் காணோம். அதற்கடுத்த வாரம் ஒரு லீவர். எனக்குப் புரிந்துவிட்டது. முழு ஸ்டியரிங்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் கேட்டில் மாட்டிக்கொள்வோம் என்று பயல் கம்பெனியிலிருந்து காரைப் பாதி பாதியாகக் கடத்துகிறான், தைரியமாகப் பார்சலிலேயே அனுப்பிக்கொள்கிறான், இன்னும் இரண்டு வருஷத்தில் நம் மொட்டை மாடியில் ஒரு முழுக் கார் நிற்கப் போகிறது. இறக்குவது எப்படி என்று அவன் யோசித்தானோ இல்லையோ, நான் யோசித்துத் தூக்கம் கெட்டேன்.

கேட்டில் நிற்கிறவன் கண் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது, நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை நிச்சயம் என்றார்கள். கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நாங்கள் வேர்க்கடலை போட்ட கொல்லையின் வாசலில், இரும்பு கேட்டுப் பக்கத்தில், செக்யூரிட்டி வேலை. முன்பு அதே இடத்தில் பன்றி விரட்டினேன், அப்புறம் லாரி நம்பர் எழுதினேன். நாற்காலி கொடுத்தால் தூங்கிவிடுவேனாம், ரிட்டயர் ஆகும் வரை நின்றேன். முட்டி இரண்டும் இன்றைக்கும் அதைச் சொல்லும். அப்படி நின்று நின்று பழகிய கண்ணுக்கு ஒரு பார்சல் உள்ளே போனால் என்ன, வெளியே வந்தால் என்ன என்று இருக்க முடியாது, மச்சான்.

ஆகவே போன புதன்கிழமை, தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்க்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். நைட் ஷிப்ட் முடித்து வந்த பையன் தூங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். எதிராளி பேசுவது கேட்கவில்லை. இவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். "இப்ப இருக்கதுல தரையில மோதுனாக்கூட ஒண்ணும் ஆவ மாட்டேங்கு. அடுத்ததுல ரெக்கை ஒடியணும். கண்டிப்பா ஒடியணும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எஞ்சின்ல தீப்பிடிச்சா பின்னால உக்காந்திருக்க ஆளுங்க அலறணும்லா? இப்ப பொம்ம மாதிரி உக்காந்திருக்காங்க" என்றான். அப்புறம், "கொக்கு ஒண்ணு ரெண்டு பத்தாது, கூட்டமா வந்து மோதணும்" என்றான். புயல் அடித்தால் மீனம்பாக்கமே தெரியக் கூடாதாம். கார் கடத்துகிறவன் என்று நினைத்தால் இவன் விமானத்துக்கே உலை வைக்கிறான், அதுவும் கொக்கோடு கூட்டுச் சேர்ந்து. இறங்கி ஓடி வந்து மரகதத்திடம் சொன்னால், "அந்தப் புள்ள கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேன் ஆட்டம் ஆடிகினு கீது. ஊருக்கே தெரியும். போய் மோட்டார நிறுத்து, தொட்டி நெஜமாவே வழியுது" என்கிறாள். ஊருக்கே தெரிந்தது வீட்டுக்காரனுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். மோட்டாரை நானேதான் போய் நிறுத்தினேன்.

நேற்று நேராகக் கதவைத் தட்டிவிட்டேன். "இன்னாப்பா நடக்குது இங்க?" என்றேன். பயல் கொஞ்சமாவது திடுக்கிட வேண்டாமா? "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்று பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போடுகிறான். அந்தப் பாதி ஸ்டியரிங், பெடல், லீவர் எல்லாம் மேஜையோடு பூட்டிக் கிடந்தன. விமானத்துக்குப் பாதி ஸ்டியரிங்தானாம். ஃப்ளைட் சிமுலேட்டர் என்று பெயர், உட்கார்ந்த இடத்திலேயே நிஜ விமானம் ஓட்டுகிற மாதிரி இருக்கும், உலகம் முழுக்க இதற்குப் பைத்தியங்கள் இருக்கிறார்கள், அடுத்ததாக வரப்போகும் சிமுலேட்டரில் என்னென்ன வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கம்பெனிக்கு எழுதிப்போடுகிறோம் என்றான். "காத்து நெசமா தள்ளணும், மழ கண்ணாடியில வழியணும், ஏர்போர்ட் டவர்ல பேசுதவன் நம்ம ஊரு ஆளு மாதிரி பேசணும். அவ்வளவுதான் அண்ணாச்சி கேக்கோம்." அதுவே எனக்கு உறுத்தியது. நான் மிக்சி வாங்கினால் உடையக் கூடாது என்றுதான் கடைக்காரனிடம் கேட்பேன். வாங்குகிற பொருள் ஒழுங்காக உடைய வேண்டும் என்று மனுக் கொடுக்கிற கூட்டத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, ஓட்டிக் காட்டு என்றேன். மீனம்பாக்கத்தில் கிளம்பினான். நான் சேரைப் பிடித்துக்கொண்டேன், அதை மரகதத்திடம் சொல்ல வேண்டாம். பெங்களூர் ரோடு தெரிந்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் வரிசை வரிசையாக நின்றன. அப்படியே தெற்கே திரும்பி நம் ஊருக்கு வந்தான். நம் முருகன் கோயில் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில், மச்சான், ஏழு மாடி ஆபீஸ் நிற்கிறது! மாடிக்கு மாடி கண்ணாடி ஜன்னல்! கோபுரம் என்றால் என்னவென்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதாம், உயரமாக எதைப் பார்த்தாலும் ஆபீஸ் கட்டிவிடுமாம், அடுத்ததில் இதையும் திருத்தச் சொல்லியிருக்கிறானாம். கன்னத்தில் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஆபீசைப் பார்த்தே போட்டுக்கொண்டேன். அப்புறம் நம் வீடு. வீட்டுக்குப் பின்னால், உங்கள் பங்கை ஒட்டி மரகதத்துக்கு உங்கள் அப்பா எழுதிவைத்த கொல்லை. அதில், மச்சான், அதில்தான், கறுப்பாக, நீளமாக, இரண்டு முனையிலும் வெள்ளை எழுத்தோடு ஒரு ஓடுதளம்!

இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லித்தர வேண்டுமா? நிலம் எடுப்பதென்றால் முதலில் படத்தில் கோடு விழும். அப்புறம் கல் நடுவார்கள். கல்லைப் பிடுங்கிப் போட்டால் நோட்டீஸ் வரும். எங்கள் அப்பா முதலில் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்தவர்தான். "யார்ரா போட்டது இத?" என்று கத்தினேன். "நாங்களே போட்டதுதான் அண்ணாச்சி, சும்மா" என்றான். 'நாங்கள்' என்றால் யார்? யாராவது நிலத்தில் ஓடுதளத்தைச் சும்மா போடுவார்களா? எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று யார் சொன்னது என்று கேட்டதும், அதுவரை வாயாடிக்கொண்டிருந்தவன் லீவரைத் துடைக்க ஆரம்பித்தான். "அது... தெரிஞ்சவங்க சொன்னாங்க" என்றான். அந்த எல்லைக்கல் உங்கள் பக்கத்து முள்ளுக்குள் முழுசாகப் புதைந்து கிடக்கிறது. அது இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், மரகதம், நீங்கள். நான் சொல்லவில்லை. மரகதம் சொல்லியிருந்தால் அதை ஊருக்கே சொல்லியிருப்பாள்.

இன்னும் கேளுங்கள். அந்த ஓடுதளம் நம் வீட்டுப் பின்சுவரில் தொடங்கி எங்கள் பங்கு முழுவதையும் விழுங்கிவிட்டு, உங்கள் பங்கு ஆரம்பிக்கிற இடத்தில், கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடுகிறது. உங்கள் மண்ணில் ஒரு சாண்கூடப் படவில்லை. விமானத்துக்கு என் கொல்லைக்கும் உங்கள் கொல்லைக்கும் வித்தியாசம் தெரியுமா? பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு வந்தபோது சாப்பிட்ட கையைக் கழுவப் பின்பக்கம் போய் அவ்வளவு நேரம் நின்றீர்களே, கை கழுவ அத்தனை நேரமா? "இந்தப் பக்கம் இப்ப இன்னா வெல போவுது?" என்று என்னிடமே கேட்டீர்கள். போகும்போது படிக்கட்டில் அந்தப் பையனோடு ஏதோ பேசிச் சிரித்தீர்கள். அப்போது நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று நினைத்தீர்கள்.

இதை மரகதத்திடம் சொன்னேன். "எங்க அண்ணனப் பத்தி இன்னொரு வார்த்த பேசுன, அடுப்பாண்ட வராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். இன்று காலை டீ வரவில்லை. ஜோதிக்கு சுங்குவார்சத்திரத்தில் காலை ஷிப்ட், அவளும் முகம் கொடுக்காமல் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டாள். என் வீட்டில் நான் ஒருவன்தான் விழித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். ஒரு தடவை நிலத்தைக் கொடுத்துவிட்டு அதன் வாசலில் நின்றவன் நான். இன்னொரு தடவை நிற்க முட்டியில் தெம்பில்லை. உங்களைச் சொந்த அண்ணனாக நினைத்தேன், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. வருகிற கிருத்திகைக்கு மூலப் பத்திரத்தோடு வந்து, முருகன் சந்நிதியில் கற்பூரம் அடித்து, இதில் எனக்குப் பங்கில்லை என்று சத்தியம் செய்யுங்கள். அதுவரை மாடியைக் காலி செய்யச் சொல்லிப் பையனுக்குக் கெடு வைத்திருக்கிறேன். சத்தியம் செய்ய வரவில்லையென்றால் இந்த வீட்டு விசேஷம் எதிலும் உங்களுக்கு முதல் தாம்பூலம் கிடையாது.

தங்கச்சி ரத்னாவுக்கு என் அன்பு, அவர் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ரஞ்சித் நூறாண்டு வாழ ஆசீர்வாதம். உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லும் வயது எனக்கில்லை, வணக்கம் சொல்லும் மனசும் இப்போது இல்லை. வல்லக்கோட்டை முருகன் பார்த்துக்கொள்ளட்டும், அவர் இன்னும் கோயிலில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும்,
பாண்டுரங்கன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஷிப்ட் முடிந்து ஜோதி வந்து, கவரில் உங்கள் பெயரைப் பார்த்துப் பிடுங்கிப் படித்துவிட்டாள். எல்லைக்கல்லைக் காட்டியது அவளாம். போனை வைத்துக்கொண்டு கொல்லையை அளந்ததும் அவளாம். லீவு நாளில் சிமுலேட்டர் டவரில் உட்கார்ந்து "இறங்கலாம்" என்று உத்தரவு கொடுப்பதும் அவளாம். அப்படியென்றால் உன் மாமன் பங்கை மட்டும் ஏன் தொடவில்லை என்று மடக்கினேன். "மாமா நெலத்துல அவுர கேக்காம எப்டிப்பா போடறது?" என்றாள். என்னை மட்டும் ஏன் கேட்கவில்லை என்றேன். "உன்னாண்ட கேட்டா நீ இப்டித்தான் லெட்டர் எழுதுவ" என்றாள். ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்தது தவிர மற்ற எதையும் பொருட்படுத்த வேண்டாம். பேச்சிராஜின் கெடுவும் ரத்து. டீ வந்துவிட்டது.

டீ குடித்த கையோடு நானும் ஓட்டிப் பார்த்தேன். இறக்குவது ஒன்றும் கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். ஒவ்வொரு தடவையும் ஓடுதளம் தீர்ந்துபோய் உங்கள் பங்குக்குள் மூக்குக் குத்தி நிற்கிறது. ரெக்கை ஒடியவில்லை, பையன்கள் கேட்பது நியாயம்தான். அவர்கள் மனுவில் நானும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: அடுத்த சிமுலேட்டரில் ஓடுதளத்துக்கு ஒரு கேட் வேண்டும், கேட்டில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி வேண்டும். இதனால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், வல்லக்கோட்டை ஓடுதள விரிவாக்கத்துக்காக, பொது நன்மை கருதி, தங்கள் பங்கில் கிழக்குப் பக்கம் முழுவதும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆட்சேபணை இருந்தால் எழுத்துமூலம் ஜோதியிடம் கொடுக்கலாம். நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை நிச்சயம், ரஞ்சித்தைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். கேட்டில்தான், ஆனால் உட்கார்ந்துகொள்ளலாம்.