பக்கத்தின் அடியில் ஒன்றரை அங்குலம்

மனிதகுலத்தின் அறிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மூளையில் என்பார்கள், நூலகத்தில் என்பார்கள். இரண்டும் தவறு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் காலியாக விடும் ஒன்றரை அங்குலத்தில்தான் இருக்கிறது. மேலே என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அடியில் ஒரு கோடு இழுத்து, எண் கொடுத்து, ஒரு நூலின் பெயரும் பக்கமும் போட்டுவிட்டால் மேலே எழுதியது உண்மையாகிவிடும். இந்த மகத்தான ஏற்பாட்டுக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. காரைக்குடி செக்காலை ரோட்டில் ‘மலையாண்டி டைப்பிங்’ என்று போர்டு மாட்டியிருக்கும் மலையாண்டி நான்தான். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு முறை எழுதியவன். ஆனாலும் எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றின் முதுகலை ஆய்வேடுகள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் உள்ளே போயின. எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஓர் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும்.

அக்கல்லூரியின் தமிழ்த் துறைத் தலைவர் பேராசிரியர் சொக்கலிங்கம், ஆதாரம் என்றால் உயிரை விடுவார். ஒரு மாணவர் “இன்னைக்கு வெயில் ஜாஸ்திங்கய்யா” என்று சொன்னதற்கு, “எந்த நூலில் வருகிறது?” என்று கேட்டவர். ஒரு பக்கத்துக்குக் குறைந்தது மூன்று அடிக்குறிப்பு இருக்க வேண்டும், குறைந்தால் அது ஆய்வல்ல, கட்டுக்கதை என்று சுற்றறிக்கை விட்டார். அந்தச் சுற்றறிக்கையையும் நான்தான் ஸ்டென்சில் வெட்டினேன். அதில் அடிக்குறிப்பு கிடையாது.

1964ஆம் வருடம், அமராவதிபுதூரில் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை மெய்யநாதன் ஓர் ஆய்வேட்டை டைப்படிக்கக் கொண்டுவந்தார். ஆலங்கண்மாய் மாட்டுச் சந்தையைப் பற்றியது. வியாழக்கிழமைதோறும் கூடும் அந்தச் சந்தைக்கு அவர் நேரில் போனதில்லை. வியாழக்கிழமைகளில் அவருக்கு நூலக வேலை இருந்தது.

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிக்குறிப்புக்கு எத்தனை வரி வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் பண்ணி, அடியில் அவ்வளவு இடத்தை விட்டுவிட்டுத்தான் மேலே அடிக்க வேண்டும். முப்பத்தேழாம் பக்கத்தில் நான் மூன்றுக்கு இடம் விட்டிருந்தேன். கீழே வந்து பார்த்தால் மெய்யநாதன் இரண்டுதான் எழுதியிருக்கிறார். ஐந்து மணிக்குள் துறையில் கொடுக்க வேண்டும். அவரோ காபி சாப்பிடப் போயிருக்கிறார். மூன்று கார்பனோடு முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே அறிவுலகுக்கு என்னால் ஆன தொண்டைச் செய்தேன்.

‘3. செம்மலைப் புலவர், சந்தை மரபு, இரங்கூன், 1931, ப. 214.’

இரங்கூன் என்று போட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் காணாமல் போன எதுவும் பர்மாவிலிருந்து வரும்போது போனதாகத்தான் இருக்கும். அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

அடியில் 3 இருந்தால் மேலேயும் ஒரு 3 இருக்க வேண்டும். தாளை மேலே உருட்டினேன். ‘மாடுகள் வரிசையாகக் கட்டப்பட்டன’ என்று ஒரு வரி பாதியில் நின்றது. வெறுமனே விட மனசு வராமல், ‘அதுவும் வடக்கு நோக்கியே’ என்று சேர்த்து, அங்கே 3 போட்டேன். பக்கம் பார்க்க லட்சணமாக இருந்தது.

பேராசிரியர் அதைப் படித்துவிட்டு மெய்யநாதனைக் கூப்பிட்டுக் கைகொடுத்தாராம். செம்மலையாரின் நூல் தம் அப்பச்சியின், அதாவது தகப்பனாரின், பெட்டியில் இருந்ததாகவும், 1942இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது பெட்டியோடு போய்விட்டதாகவும் சொல்லிக் கண் கலங்கினாராம். மெய்யநாதன் மரியாதை தெரிந்த பிள்ளை. தானும் கலங்கினார்.

அதன்பிறகு செம்மலையார் வளர்ந்தார். அடுத்த வருடத்து மாணவர் மெய்யநாதனை ஆதாரம் காட்டினார். அதற்கடுத்தவர் மெய்யநாதனை விட்டுவிட்டு நேரே செம்மலையாரிடமே போய்விட்டார். மாடுகள் வடக்கு நோக்கியது இமயத்தை நினைத்து என்றார் ஒருவர். வடக்கத்தி வியாபாரத்தின் எச்சம் என்றார் இன்னொருவர். ‘செம்மலையார் இங்கே அவசரப்பட்டுவிட்டார்’ என்று ஒருவர் கண்டித்தே எழுதினார். டைப்படிக்கும்போது எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இந்த வளர்ச்சிக்கெல்லாம் உதவியது ‘மேலது’ என்ற மூன்றெழுத்து. ஒருமுறை நூலைக் குறிப்பிட்டுவிட்டால் அடுத்த முறை எதையும் சொல்ல வேண்டாம். ‘மேலது’ என்றால் மேலே சொன்ன அதே ஆள் என்று அர்த்தம். மேலே ஆள் இருக்கிறாரா என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. 1971க்குள் பதினைந்து ஆய்வேடுகள் ஆகிவிட்டன. பேராசிரியரே ஒரு நூல் எழுதி, அதன் முன்னுரையில் செம்மலையாரோடு தாம் பன்னிரண்டு இடங்களில் முரண்படுவதாக அறிவித்தார்.

1972இல் மீனாள் வந்தாள். கல்லலில் தச்சு வேலை செய்யும் தங்கச்சாமி ஆசாரியின் மகள். அவள் எடுத்துக்கொண்டதும் ஆலங்கண்மாய்ச் சந்தைதான். ஆனால் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பஸ் ஏறிச் சந்தைக்கே போய்விடுவாள். அங்கே கயிறு விற்கும் ஒச்சம்மாளின் பக்கத்தில் ஆறு மாத வியாழக்கிழமைகள் உட்கார்ந்து, நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டு வந்தாள். ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் ஒச்சம்மாள் சொன்னதைச் சொன்னபடியே போட்டிருந்தாள்:

“வடக்காவது தெக்காவது. நெழலு எங்குட்டு விழுகுதோ அங்குட்டுத்தான் மாட்டக் கட்டுவோம். வெயில்ல நின்ன மாடு வெல போகுமா?”

அடிக்குறிப்பில் ஒச்சம்மாளின் பெயர், ஊர், வயது, கேட்ட தேதி எல்லாம் இருந்தன. இத்தனை விவரம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்த்துவிடலாமே என்று எனக்கே பகீரென்றது.

வாய்மொழித் தேர்வு அன்று பிரதிகளைக் கொடுக்கப் போன நான் வாசலில் நின்றேன். பேராசிரியர் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“யாரம்மா இந்த ஒச்சம்மாள்?”

“சந்தையில கயிறு விக்கிறாக ஐயா. முப்பது வருசமா அங்கதான் இருக்காக.”

“எத்தனையாம் பக்கம்?”

“புளியமரத்துக்குக் கெழக்குப் பக்கம் ஐயா.”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அச்சில் வராத ஆள் ஆதாரம் ஆகமாட்டார், செம்மலையாரைச் சொல்லாத ஆய்வேடு தேறாது, வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினார். மீனாளுக்குச் சிவகங்கையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தயாராக இருந்தது. ஜூனில் சேர வேண்டும். பட்டம் இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் நேரே என் கடைக்கு வந்தாள். முதன்முதலில் அந்த நூலைக் குறிப்பிட்ட ஆய்வேடு நான் டைப்படித்தது என்று கண்டுபிடித்திருந்தாள். “அண்ணே, அந்தப் புஸ்தகத்த எங்க பாக்கலாம்? ஒரு தடவ பாத்துட்டாத் தேவல” என்றாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை. முப்பத்தேழாம் பக்கத்தின் கதையைச் சொன்னேன். இதைப் பேராசிரியரிடம் வந்து சொல்வீகளா என்று கேட்டாள். போனேன்.

பேராசிரியர் என்னை முழுதாகச் சொல்லவிட்டார். பொறுமைசாலி.

“செம்மலையார் என்று ஒருவர் இல்லை என்கிறீர். ஆதாரம்?”

“நாந்தாங்கய்யா அடிச்சேன்.”

“நீர் அடித்ததாக எந்த நூலில் இருக்கிறது?”

“எதுலயும் இல்லீங்க.”

“அவர் இருந்தார் என்பதற்குப் பதினைந்து ஆய்வேடு இருக்கிறது. என் நூல் ஒன்று இருக்கிறது. இல்லை என்பதற்கு நீர் ஒருவர். ஆராய்ச்சி யார் பக்கம் நிற்கும்?”

நியாயமாகத்தான் பட்டது. மேலும் பன்னிரண்டு இடங்களில் தாம் முரண்பட்ட ஒருவரை இல்லையென்று ஒப்புக்கொள்வது யாருக்கும் கஷ்டம். ஒச்சம்மாளை எடுத்துவிட்டுச் செம்மலையாரை ஒரே ஓர் இடத்தில் போட்டால் போதும், தேற்றிவிடுகிறேன் என்று பேராசிரியர் பெருந்தன்மையோடு இறங்கி வந்தார்.

“அவுக சொன்னத எடுக்க மாட்டேன் ஐயா” என்றாள் மீனாள். “தேறாட்டியும் சரி.” எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி, பிரதிகளை என்னிடம் கொடுத்துவிட்டு, கல்லலுக்கு ரயில் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் யோசித்தேன். ஆசாரி மகள் ஒருத்தி எம்.ஏ. வரைக்கும் வந்து, ஒரு பக்கத்தால் நிற்பதா? பிறர் துன்பம் பொறுக்காத சுபாவம் எனக்கு. ஐம்பத்திரண்டாம் பக்கத்தை மட்டும் புதிதாக அடித்தேன். ஒச்சம்மாள் போனாள். ‘மாடுகளை வடக்கு நோக்கியே கட்டுவது இன்றும் மாறாத வழக்கம் என்பதை நேரில் கண்டேன்’ என்று வந்தது. அடியில் செம்மலையார், ப. 214. கல்லூரிக்குப் போகும் மூன்று பிரதிகளில் புதிய பக்கம். மீனாளின் பிரதியில் பழைய பக்கம் அப்படியே. பைண்டிங்கும் நானே பார்த்தேன். அவள் முதல் வகுப்பில் தேறினாள். பேராசிரியர் மனசு மாறிவிட்டார் என்று நம்பி, ஜூனில் வேலையில் சேர்ந்து, எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தாள். ருசியாக இருந்தது.

போன மாதம், 1974 கோடையில், மீனாள் மறுபடி கடைக்கு வந்தாள். இந்த முறை மைசூர்பாகு இல்லை. நான் எடுத்துப்போட்ட ஸ்டூலில் அவள் உட்காரவில்லை.

சந்தையை நிர்வகிக்கும் அதிகாரிகள் ‘தொன்மை மரபைக் காக்க’ ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். பேராசிரியரிடம் யோசனை கேட்டு, மரத்தடியை அடைத்து வேலி போட்டு, வெட்டவெளியில் கல் ஊன்றி, மாடுகளை வடக்குப் பார்த்துத்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு. பதினைந்து ஆய்வேடுகளும் புத்தகத்தைப் பார்த்து எழுதியவை; மீனாளுடையது ஒன்றுதான் நேரில் கண்டு எழுதியது என்று பேராசிரியர் சொன்னாராம். உத்தரவுப் பலகையில் ஆதாரமும் எழுதியிருக்கிறதாம்: ‘மீனாள், 1972, ப. 52.’

“நாப்பது மாடு வெயில்ல நொரை தள்ளி நிக்குது அண்ணே” என்றாள் மீனாள். “பலகைய யாரோ எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டிருக்காக. ஒச்சம்மா என்னயப் பாத்துக் கேட்டுச்சு, ‘ஏத்தா, நான் வடக்குன்னா சொன்னேன்? ஆறு மாசம் எம்பக்கத்துல ஒக்காந்து எழுதினியே’ன்னு.”

பேராசிரியர் முன்னால் நின்றபோதுகூட இல்லாத வெட்கம் அப்போது வந்தது. நீ தேற வேண்டும் என்றுதான் செய்தேன் என்று முணுமுணுத்தேன்.

“நான் தேறல அண்ணே. செம்மலைதான் தேறிருக்காரு. ஒரு தாள மாட்டுங்க.”

மாட்டினேன். மெய்யநாதனின் ஆய்வேட்டில் தொடங்கி, பேராசிரியரின் நூல், கடைசியில் தன் ஆய்வேடு வரைக்கும் பதினேழையும் வரிசையாகப் பட்டியல் போடச் சொன்னாள். பிறகு அடியில் கோடு இழுக்கச் சொன்னாள். முதல் குறிப்பை அவளே சொல்லச் சொல்ல அடித்தேன்.

‘1. மாடுகள் வடக்கு நோக்கியது பற்றி: மலையாண்டி, தட்டச்சர், செக்காலை ரோடு, காரைக்குடி. நேரில் சொன்னது. ஆதாரம்: பக்கத்தின் அடியில் இடம் மிச்சம் இருந்தது.’

“கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பலகையில ஒட்டணும்” என்றாள். மற்றப் பதினாறுக்கும் என்ன போடுவது என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதா அண்ணே?”

தெரியும். இரண்டிலிருந்து பதினேழு வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக அடித்தேன். இத்தனை வருடத் தொழிலில் நான் போட்டவற்றிலேயே, மேலே நிஜமாக ஓர் ஆள் இருந்த ‘மேலது’ அவைதான்.