தோப்புக்கரணம் எண்ண ஓர் ஆள்

படப்பை,
11-ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி தம்பி நம்பிராஜனுக்கு அக்கா பேச்சி மனதார வாழ்த்தி எழுதுவது. இவ்விடம் நானும் மகன் சக்திகுமாரும் மருமகள் சுகப்பிரியாவும் நலமே. மூவரில் எந்நேரமும் ஒருவர் தூக்கம், ஒருவர் கம்பெனி. அவ்விடம் நீயும் தங்கமாரியும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விழித்து ஒரே நேரத்தில் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன். அப்படி நடந்தால் அதுவே பெரிய பாக்கியம். அதற்கு மேல் ஆசைப்படாதே.

போன் இருக்கும்போது எதுக்குக்கா லெட்டருன்னு நீ சிரிப்ப. சிரிக்காதல. இந்த வீட்டுல வாயைத் திறந்து பேச முடியுமா? அவன் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா இவ எந்திரிச்சுக் கிளம்புவா, இவ வந்து படுத்தா அவன் கிளம்புவான், இருக்கது ஒரு ரூம் ஒரு ஹால், அதுல எப்பவும் ஒரு ஆள் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடக்கு. மிக்ஸி போடக் கூடாது, டிவியில படம் மட்டும் ஓடும், குக்கர் விசில் அடிக்கப் போகுதுன்னா நான் முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்பிடணும், தேங்கா உடைக்கணும்னா படியிறங்கி ரோட்டுக்குப் போயி உடைச்சுட்டு வாரேன். முந்தியெல்லாம் மொட்டைமாடிக்குப் போயி உங்கிட்ட போன் பேசுவேன்லா, இப்ப அங்கயும் தலை காட்ட முடியாதபடி ஆயிப்போச்சு. அந்தக் கதையைச் சொல்லத்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

பொங்கல் கழிஞ்சு இங்க வந்தவ ஒரு மாசம் ஒழுங்காத்தான் இருந்தேன். பொறவு ஒருநா அடுப்புல பாலை வச்சுட்டு, பால்கனியில நின்னு கம்பெனி பஸ்ஸுகளைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். ஒரகடம் ரோட்டுல வெள்ளை பஸ்ஸும் நீல பஸ்ஸுமா வரிசையாப் போகும், ஜன்னலுக்கு ஒரு தலை சாஞ்சு தூங்கும், ஒண்ணுலயாவது நமக்குத் தெரிஞ்ச தலை இருக்கான்னு பாக்கது, வேற என்ன சோலி எனக்கு. அதுக்குள்ள பால் பொங்கி வத்திக் கரியாகி வீடு பூரா புகை. நைட் ஷிப்ட் தூக்கத்துல கிடந்த சக்தி "லைன்ல தீ! லைன்ல தீ!"ன்னு கத்திக்கிட்டு எந்திரிச்சான். கம்பெனியில தீப்பிடிச்சா எந்தக் கதவு வழியா ஓடணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்களாம், அந்தக் கதவைத் தேடி கைலியோட பாத்ரூமுக்குள்ள போயி நின்னான். அன்னைக்கு அவளுக்கு லீவு. ரெண்டு பேரும் என்னை நடுவுல உக்கார வச்சு, தலை சுத்துதாம்மா, தூக்கம் வருதா அத்த, மாமா செத்ததையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்களான்னு ஒரு மணி நேரம் கேட்டாங்க. இந்த வீட்டுல மூணு பேரும் சேந்து உக்காந்தது அன்னைக்குத்தான். சட்டியைத் தேய்க்க மூணு நாளாச்சு.

அதுலருந்து தொட்டதெல்லாம் மறதி. பி ஷிப்ட் வாரத்துல, மத்தியானம் போக வேண்டிய பிள்ளையை விடியக்காலம் நாலரைக்கு எழுப்பி விட்டுட்டேன். யூனிபார்மை மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டான், அங்க டிரைவரு "நீ செகண்ட் ஷிப்டுல்ல, இன்னாத்துக்கு வந்த?"ன்னு கேட்டபொறவுதான் முழிச்சிருக்கான். திரும்பி வந்து தூக்கம் வராம, விடியுற வரைக்கும் என்கூட உக்காந்து ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சான். இன்னொரு நாள் சுகப்பிரியா டப்பாவுல தயிர்சாதத்துக்குப் பதிலா தோசை மாவு போயிருச்சு. கேன்டீன்லருந்து போன் போட்டா. "அத்த, இங்க கல்லு இல்லையே, எங்க ஊத்த?"ன்னா. அவகூட செல்போன் பாகங்களைப் பூட்டுற பிள்ளைக பத்துப் பேரு சிரிக்கது எனக்குக் கேட்டுச்சு. எனக்கும் சிரிப்பு வந்துட்டு, என்னத்தைச் சொல்ல.

அப்பதான் அவ ஒரு வீடியோவைக் காட்டினா. கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா பேசுது. இடது கையால வலது காது, வலது கையால இடது காது, மூச்சை இழுத்துக்கிட்டே உக்காரணும், விட்டுக்கிட்டே எந்திரிக்கணும், தினம் இருபத்தொண்ணு. ஞாபக சக்தி வருமாம், மனசு ஒரு இடத்துல நிக்குமாம். ஏட்டி, இது நம்ம பிள்ளையாருக்குப் போடுற தோப்புக்கரணம்லா, இதுக்கு எதுக்கு டாக்டரம்மான்னேன். இல்ல அத்த, இதுல நாக்கை மேலண்ணத்துல ஒட்டி வச்சுக்கணும், அதுதான் விசேஷம்னா. நாக்கை ஒட்டிக்கிட்டா நான் எப்படிட்டி எண்ணுவேன்? மனசுக்குள்ள எண்ணுனா ஒம்பதோட ஓடிப்போகுது. சரி அத்த, நான் எண்ணுதேன்னு சொல்லிட்டா. நீ என்ன வேணா சொல்லு நம்பி, நம்ம ஊர்ப் பக்கத்துல எந்த மருமகளும் இதைச் செய்ய மாட்டா. போன வாரம் பூரா அவளுக்கு நைட். ராத்திரி முச்சூடும் நின்னு வேலை பாத்துட்டு ஏழு மணிக்கு வந்து இறங்குவா, கழுத்துல ஐடி கார்டைக் கூடக் கழட்டாம மொட்டைமாடியில சேரைப் போட்டு உக்காந்து எனக்கு எண்ணுவா. கண்ணு சொருகும். சொருகச் சொருக எண்ணுவா. நான் நடுவுல எண்ணிக்கை போயிருச்சுன்னு கையைக் காட்டினா, மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிப்பா.

வினை வியாழக்கிழமை வந்துச்சு. "இன்னும் கீழ போங்க அத்த! முட்டியை மடக்குங்க! ஏமாத்தக் கூடாது!"ன்னு அவ சத்தம் போட்டுக்கிட்டு இருக்கா. எதுத்தாப்புல ஹாஸ்டல் மாடியில பல் விளக்கிக்கிட்டு நின்ன பயலுகளும் கூடச் சேந்து பதினஞ்சு, பதினாறுங்கானுவ. கீழ் வீட்டுக்காரி லீலா, அதான் இந்த வீட்டு ஓனரு, துணி காயப்போட மேல ஏறி வந்தா. வந்தவ வாளியை அப்படியே போட்டா பாரு, தண்ணி என் கால் வரைக்கும் வந்துட்டு.

"இன்னாம்மா நடக்குது இங்க? அம்மா மாதிரி கீறவங்கள காதப் புடிக்க வச்சி, நீ சேர் போட்டு குந்திகினு எண்ணிகினு கீறியா? எங்க வூட்டு மாடில இந்த அநியாயம்லாம் நடக்கவே கூடாது, சொல்லிட்டேன்!"

சுகப்பிரியா தூக்கக் கலக்கத்துல முழிக்கா. எனக்கு அப்ப பதினேழாவது தோப்புக்கரணம். நாக்கு மேல ஒட்டிக் கிடக்கு, எடுத்தா மறுபடி ஒண்ணுலருந்து போடணும், நான் என்ன செய்ய? லீலா ஓடி வந்து என் தோளைக் கட்டிப் பிடிச்சா, நான் உக்காந்தேன், அவளும் கூடவே உக்காந்தா, நான் எந்திரிச்சேன், அவளும் எந்திரிச்சா. இப்படி ரெண்டு பேருமா பதினெட்டு, பத்தொம்பது, இருபது. மூச்சு வாங்கி எனக்குக் கண்ணுல தண்ணி. "அழுவுறாங்க பாரு, வாய்கூட தொறக்க மாட்றாங்க, எவ்ளோ பயம் காட்டி வச்சிக்கிறா!"ன்னு லீலா கத்த, அவ வீட்டுக்காரரு கன்னியப்பன் பனியனோட மேல ஏறி வந்து, "இன்னா தப்பு பண்ணாங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. இருபத்தொண்ணு முடிச்சு நாக்கை எடுத்து, இது ஞாபக சக்திக்குத்தாம்மான்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. "பயந்துகினு சொல்றாங்க"ன்னுட்டா.

ஹாஸ்டல் பயல் எவனோ அதைப் படம் பிடிச்சுட்டான். அது சுத்திச் சுத்தி இவ வேலை பாக்குற லைனுக்கே போயிருச்சு. மாமியாரைத் தண்டிக்கிறவன்னு பேராம். சூப்பர்வைசரு கூப்பிட்டு விசாரிச்சிருக்கான். வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதா, சத்தம் கேக்கக் கூடாதுன்னு. அதுக்குப் பொறவு எண்ண வரல. வாரா, சாப்பிடுதா, படுக்கா. என் முகத்தை நிமிந்து பாக்க மாட்டேங்கா. நேத்து சக்தி, "அம்மா, கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாயேன், நம்பி மாமாகிட்ட நான் பேசுதேன்"னான். கொஞ்ச நாள்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?

அதனால, அவன் சொல்லி நீ வந்ததா இருக்கக் கூடாது. நான் சொல்லி நீ வந்ததா இருக்கட்டும். வார ஞாயித்துக்கிழமை 16-ந் தேதி வெரசா கிளம்பி வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. இந்த ஊரும் வேண்டாம், இந்த ஷிப்டும் வேண்டாம். ஏ எது பி எதுன்னு குழம்பிக் குழம்பி எனக்குக் கோட்டி பிடிச்சிரும் போலிருக்கு. மறதிக்காரிக்கு ஊர்ல பூட்டிக் கிடக்குற அந்த வீடே போதும்.

தங்கமாரிக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகள் நோய்நொடியின்றி, பகலில் விழித்து இரவில் தூங்கும் உத்தியோகம் பெற்று, நீடூழி வாழப் பேச்சியம்மனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா,
பேச்சி.

பி.கு.: புதன்கிழமை காலை. கவரை இன்னும் ஒட்டல. நம்பி, ஞாயித்துக்கிழமை வராத. மேல எழுதினதைக் கிழிச்சுப் போடத்தான் பாத்தேன், ஒரு ஆளுகிட்ட இவ்வளவு பேசி எத்தனை நாளாச்சுன்னு தோணுச்சு, அதனால அப்படியே அனுப்புதேன்.

எனக்கு மறதியெல்லாம் ஒண்ணும் கிடையாது. பால் பொங்கினது மட்டும்தான் நிசம். தோசை மாவைக் கரண்டியால அள்ளி அள்ளி நான்தான் அந்த டப்பாவுல ஊத்தினேன். அவனை எழுப்பும்போது அது பி ஷிப்ட் வாரம்னு எனக்குத் தெரியும். எந்த வாரம் எந்த ஷிப்டுன்னு தெரியாமலா இருக்கேன்? இந்த வாரம் அவனுக்கு சி, அதான் நைட், அவளுக்கு ஏ. அடுத்த வாரம் அவனுக்கு ஏ, அவளுக்கு பி. அவளுக்கு லீவு மாறி மாறி வரும், போன வாரம் வெள்ளி, இந்த வாரம் ஞாயிறு. இந்த மாசத்துல ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு வாரது அந்த ஒரு நாள்தான். சக்தி நைட் முடிச்சு வந்து ரெண்டு மணி வரைக்கும் தூங்குவான். அதுக்கு மேல மூணு பேரும் முழிச்சிருப்போம்.

எண்ணிக்கையும் எனக்கு ஒரு நாளும் தப்பல. மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிச்சா அவ இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாளேன்னுதான் கையைக் காட்டுவேன். அன்னைக்கு லீலா வந்தப்பவும் நாக்கை எடுத்து ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் தோள்ல ஒரு ஆள் கை வச்சு அவ்வளவு நாளாயிருந்துச்சு. சொன்னா கையை எடுத்துருவாளேன்னு சும்மா இருந்துட்டேன். அதுக்கு அந்தப் பிள்ளை பாத்ரூம்ல நின்னு அழுதா. நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். பாவி நான்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு லீலாவையும் மேல கூப்பிட்டு, எல்லாரு முன்னாலயும் உள்ளதைச் சொல்லப் போறேன். சொல்லிட்டு சுகப்பிரியா முன்னால காதைப் பிடிச்சு, நிசமாவே இருபத்தொண்ணு போடப் போறேன். அதுக்கு மேலயும் ஊருக்குப் போன்னு சொன்னாங்கன்னா உனக்கு போன் பண்ணுதேன், அப்ப வா.

அன்னைக்கு யாரும் எண்ண வேண்டாம். எனக்கு எண்ணத் தெரியும்.