கடலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்

கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுண்டலோடு சரி. பிறந்து வளர்ந்தது கோட்டூர்புரம், நீச்சல் தெரியாது, அலை கணுக்காலைத் தொட்டாலே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆள். அப்பேர்ப்பட்ட என்னைத்தான் என் வருங்கால மாமியார் கடலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம், பங்குனி வெயிலில், யாரும் கூப்பிடாமலேயே ஒரு புயல் வந்துவிட்டுப் போனது. எனக்குப் பார்த்திருந்த முரளிக்கு சர்ஃபிங் பைத்தியம். "புயலுக்கு அப்புறம் வர்ற அலைதான் அலை" என்று பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. (திருநெல்வேலிக்காரர். தி.நகரில் பாத்திரக்கடை. ஒரே மகன். எனக்கே பாவமாக இருந்தது.)

"அவன் வாய நம்ப முடியாது. நீ போய்ப் பாத்து, அங்கேருந்தே போன்ல காட்டு. நீ சரின்னா போவட்டும்" என்றார் என்னிடம். அடுத்த நிமிடமே முரளியின் குறுஞ்செய்தி: "ப்ளீஸ், சரின்னு சொல்லிடு."

ராத்திரி தூக்கமே இல்லை. வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். சரி என்று சொல்லி அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 

விடிந்ததும் ஊரூர் குப்பத்துக் கரையில் போய் நின்றேன். கடல் உறுமியது. தினமும் இப்படித்தானா, இன்றைக்கு மட்டுமா? எனக்கென்ன தெரியும். மாமியாரை வீடியோவில் கூப்பிட்டேன். கடலோடு என் முகமும் தெரியட்டும் என்று (வருங்கால மருமகள் லட்சணமாகத் தெரிய வேண்டாமா) திரும்பி நின்று, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பரவாயில்ல அத்தை, அமைதியாத்தான் இருக்கு."

திரையில் மாமியார், மாமனார், முரளி மூவரும் கையை ஆட்டினார்கள். டாட்டா என்று நினைத்து நானும் ஆட்டினேன்.

மீன்கூடையோடு போன ஒரு அக்கா, "இன்னாம்மா, கடலுக்கு முதுகக் காட்டிக்கினு நிக்கிற? பின்னால வருது பாரு" என்றார். பார்ப்பதற்குள் வந்துவிட்டது.

அடுத்து நினைவிருப்பது, வாய் நிறைய மணலும், அந்த அக்கா என் ஜடையைப் பிடித்து இழுத்ததும்தான். போன் போயே போய்விட்டது. தி.நகரில் அவர்கள் பார்த்தது என் சிரித்த முகம், அப்புறம் தண்ணீர், அப்புறம் இருட்டு.

ஆட்டோவில் மூவரும் வந்து இறங்கினார்கள். மாமியார் காலில் செருப்பு இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கல்யாணம் போச்சு என்று நானும் அழுதேன். அழுது முடித்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, மகனைப் பார்த்தார்.

"இவ கரையில நிக்கையிலயே போயிருவா போலிருக்கு. நீ கடலுக்குள்ளயே இருந்துக்கோ. இவளத் தூக்கிட்டு வர ஒரு ஆளு வேணும்லா."

கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும், நான் எங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டாலும், சமையலறையே ஆனாலும், மாமியார் முதலில் நலம் விசாரிப்பதில்லை. "பின்னால பாத்தியா?" என்பார். நானும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.