விதானையாரின் இரண்டாவது பங்கு

நியாயம் படிப்பிக்கப் புறப்படுகிறவன் முதலில் யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை. (பார்த்தேன். அவர்கள் உட்காரக் கதிரை போட்டதே நான்தான்.)

வெள்ளைக்காரர் ஆட்சிக்காலம். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பிக்க வந்த புதிது. இங்கிலாந்து ஆறுகளைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவிப்பதெல்லாம் ஒரு பாடமா, பிள்ளைகள் யோசித்து நியாயமாக முடிவெடுக்கப் பழக வேண்டாமா என்று எனக்குள் ஒரே கொதிப்பு. பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க வந்த வித்தியாதரிசி திருப்திப்பட்டால்தான் என் வேலை நிரந்தரம். அவருக்குப் பக்கத்துக் கதிரையில், வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் விதானையார்.

வகுப்பை முற்றத்துக்கு இறக்கி, மணலில் குளம், வாய்க்கால், மேல்வயல், கீழ்வயல் எல்லாம் கீறிவிட்டுப் பெருமையோடு கேட்டேன்:

"இந்த வருசம் மழை இல்லை. குளத்தில தண்ணி காணாது. ஆருக்குக் குடுக்கிறது, ஆரை விடுறது? யோசிச்சுச் சொல்லுங்கோ."

அரைமணி நேரம் வாதாடுவார்கள் என்று நம்பியிருந்தேன். ஒருவரும் யோசிக்கவேயில்லை.

"தண்ணி காணாட்டில் கீழ்வயலை விதைக்கிறேல்லை, சேர். மேல்வயலை எல்லாருக்கும் பங்கு போடுறது," என்றாள் நாலாம் வகுப்புக் கனகம்மா. "இது தெரியாமலோ இவ்வளவு நேரம் கீறினனீங்கள்?"

(நான் தீவான். எங்கள் பக்கம் விளைவது மணல்.)

அதோடு வாயை மூடியிருக்கலாம். "அந்தப் பங்கு நியாயமாத்தான் நடக்குதோ?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இல்லை, சேர். வீட்டுக்கு ஒரு பங்குதான். எங்கட அப்பா ரெண்டு பங்கு எடுத்தவர்."

அவளுடைய அப்பா கதிரையில் நெளிந்தார். ஆம், விதானையார்தான்.

வித்தியாதரிசி அவசரமாகப் பேச்சை மாற்றினார். "தேம்ஸ் ஆறு எந்த ஊரில் ஓடுகிறது?"

கனகம்மாதான் அக்கறையோடு விசாரித்தாள்: "அங்க ஆர் விதானை, ஐயா?"

அந்த வாரமே இரண்டாவது பங்கு ஒரு கீழ்வயல்காரருக்குத் திரும்பியது. மறுவாரம் எனக்கு ஓலைத்தொடுவாய்க்கு மாற்றம். அங்கே மீன் பிடிப்பார்கள், வயல் கிடையாது. வண்டியேறும்போது விதானையார் வந்து, "நல்லாப் படிப்பிச்சியள், சேர். போயிட்டு வாங்கோ," என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

வேலை ஒருவழியாக நிரந்தரமானது, கலியாணமும் ஆனது. இந்தக் கதையை மனைவியிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த பிழை. இன்றைக்கும் சாப்பாட்டில் இரண்டாவது பொரித்த மீனுக்குக் கை நீட்டினால், அவள் என்னைத் தடுப்பதில்லை. சுவரைப் பார்த்துச் சொல்லுவாள்:

"ரெண்டு பங்கு, சேர்."

மீன் சட்டிக்குத் திரும்பிவிடும்.