வவ்வாலுக்காக ஒரு ஷிப்ட்

"அந்த வவ்வாலுங்க போற வரைக்கும் நான் அம்மா வீட்லதான் இருப்பேன். போனதும் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தாஹிரா உத்தனப்பள்ளி பஸ் ஏறி மூன்று வாரமாகிறது. வவ்வால்கள் போகவில்லை. போகிற உத்தேசமும் அவற்றுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

ஜமீர் அகமது மூக்கண்டப்பள்ளியில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தான். ஓசூர் கம்பெனி ஒன்றில் லேத் ஆபரேட்டர். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைவான். ஆனால் யாராவது வந்து ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்ல மட்டும் வராது. "ஜமீர் பாய், இந்த வாரம் ஷிப்ட் மாத்திக்கலாமா?" என்று கேட்காத ஆளே கம்பெனியில் கிடையாது. மச்சினி கல்யாணம், பிள்ளைக்குக் காது குத்து, புதுப்படம் என்று ஊராருக்குத் தன் சாயங்காலங்களையெல்லாம் தாராளமாக வழங்கிவிட்டு, கல்யாணமான இரண்டு வருஷமும் இவன் செகண்ட் ஷிப்டிலேயே கிடந்தான். அவன் வீடு திரும்பும்போது தாஹிரா சோற்றை மூடி வைத்துவிட்டுத் தூங்கியிருப்பாள்.

"பொழுது சாயுற மஃரிப் நேரத்துல நம்ம வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"எப்படி இருக்கும்? இப்படித்தான் இருக்கும்" என்றான் ஜமீர்.

அதற்கு அடுத்த வாரம்தான் கூரையில் வவ்வால் இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

அவள் போனதும் ஜமீர் காரியத்தில் இறங்கினான். முதலில் வேப்பிலைப் புகை. வவ்வால்கள் முன்னறைக் கூரையிலிருந்து படுக்கையறைக் கூரைக்கு வீடு மாறின. பக்கத்து வீட்டு நாராயணம்மா தீப்பிடித்ததென்று ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையிலேயே ஊற்றினாள்.

அடுத்து கால் கிலோ பாச்சா உருண்டை வாங்கி ஓட்டுச் சந்துகளில் திணித்தான். இரண்டு நாளில் வவ்வால்களுக்கு அந்த நெடி பழகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களுக்குத்தான் பழகவில்லை. அவன் பக்கத்து சீட் ஒரு வாரம் காலியாகவே போனது.

பிறகு, வெளிச்சம் ஆகாதென்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கூரைக்குள் நூறு வாட்ஸ் பல்பு ஒன்றைக் கட்டினான். வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வந்தன. பூச்சிகளைத் தின்ன, அதுவரை அந்த வீட்டைத் தெரிந்திராத வவ்வால்களும் வந்தன.

ஒவ்வொன்றையும் போஸ்ட்கார்டில் எழுதினான். தாஹிராவிடமிருந்து பதிலுக்கு ஒரே கேள்விதான் வந்தது. "எத்தனை மணிக்கு வெளியே போகுதுங்கன்னு பார்த்தீங்களா?"

"அந்நேரம் நான் கம்பெனியில் இருக்கிறேன்" என்று எழுதினான்.

"அப்ப எப்படிப் போகும்?" என்று அடுத்த கார்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் சிமெண்ட் குழைத்து, சுவரும் கூரையும் சேரும் இடத்திலிருந்த ஓட்டையை அடைத்தான். ஒழிந்தது சனியன் என்று கைகழுவினான். பொழுது சாய்ந்ததும், வெளியே போக வழியில்லாத அத்தனையும் வீட்டுக்குள் இறங்கின. சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து களைத்து, கொடியில் கிடந்த தாஹிராவின் பச்சைப் புடவையில் வரிசையாகத் தொங்கின. அவள் போன நாளிலிருந்து அந்தப் புடவையை மடித்து வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. துடைப்பத்தை ஓங்கினவன் அப்படியே நின்றான். ஒரு வவ்வாலின் வயிற்றில் கட்டை விரலளவு குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா ஜமீரு, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று நாராயணம்மா வந்து கதவை விரியத் திறந்து விட்டாள். "மொதல்ல அந்தச் சிமெண்ட்டை ஒடைச்சுவுடு. குட்டிங்க இருக்குது. இப்ப அடைச்சா தாய் வெளிய நிக்கும், குட்டி உள்ள கெடந்து சாவும். என் மாட்டுக் கொட்டாயில பாத்தவ நான்."

"அப்ப என்னதாங்க்கா பண்றது?"

"ஒரு மாசம் பொறு. குட்டிங்க பறக்கட்டும். அப்புறம் ஓட்டைக்கு மேல கொசுவலையை அடிச்சு, கீழ தொங்கவுடு. இறங்கிப் போவும், திரும்பி ஏறத் தெரியாது. ஆனா தெனமும் பொழுது எறங்கறப்ப நீ வீட்ல இருந்து குட்டிங்க பறக்குதான்னு பாக்கோணும்."

அன்றிரவே சிமெண்ட்டை உடைத்துவிட்டான். மறுநாள் ஜமீர் சூப்பர்வைசர் திம்மப்பன் முன்னால் போய் நின்றான்.

"சார், எனக்கு பர்ஸ்ட் ஷிப்ட் வேணும்."

திம்மப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "நாலு வருஷத்துல நீ எதையும் கேட்டதில்லையே! என்னப்பா, சம்சாரத்துக்காகவா?"

"இல்ல சார். வவ்வாலுக்காக."

திம்மப்பன் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே இரண்டு பேர் வந்து ஷிப்ட் மாற்றிக் கேட்டார்கள். "முடியாது, வீட்ல வேலை இருக்குது" என்றான் ஜமீர். சொன்ன பிறகு அவனுக்கே குரல் புதிதாக இருந்தது.

அதன்பின் தினமும் சாயங்காலம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எண்ணினான். மஃரிப் பாங்கு முடிகிற நேரத்தில் முதல் வவ்வால் இறங்கும். முப்பத்தாறு, நாற்பது, நாற்பத்தெட்டு. அப்புறம் வீடு அமைதியாகிவிடும். எதிர்ச் சுவரில் அந்தி வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்று போகும். எங்கோ தாளிக்கிற வாசம் வரும். இந்த நேரத்தில் ஒரு மனுஷி இரண்டு வருஷம் இங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. டீ போட்டால் கை தானாக இரண்டு கிளாஸில் ஊற்றியது. அவள் இருந்தால் போதும், வவ்வால் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

ஐந்தாவது வாரம் குட்டிகள் பறந்தன. கொசுவலையைத் தொங்கவிட்டு, கூட்டிப்போக வருவதாகத் தாஹிராவுக்கு ஒரு கார்டும் போட்டான். மூன்று நாளில் கூரை காலி. நாலாம் நாள் ஓட்டையை அடைத்து, பச்சைப் புடவையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்த கையோடு ராயக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தான்.

உத்தனப்பள்ளியில் இறங்கி மாமியார் வீட்டு வாசலுக்கு வரும்போது பொழுது மங்கிவிட்டது. திகைத்துப் போனான். அந்த வீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்புகிற மாதிரி வவ்வால்கள் வந்துகொண்டேயிருந்தன. நூறு, இருநூறு இருக்கும். அவற்றுக்கு நேர் கீழே தாஹிரா உட்கார்ந்து, தலையைக்கூடத் தூக்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டி வைத்த துணி மூட்டை தயாராக இருந்தது.

அவனைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"தாஹிரா, நம்ம வீட்ல எல்லாம் போயிடுச்சு!" என்று கத்தினான் ஜமீர். பிறகு கூரையைக் காட்டி, "இங்க... இத்தனை இருக்குதே, இவளுக்குப் பயமா இல்லியா?" என்று மச்சினி அதியாவைக் கேட்டான்.

அதியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்காவுக்கு வவ்வால்னா பயமா? கீழ விழுற குட்டியை எடுத்து மேல விடுறதே அக்காதான். அதை விடுங்க மச்சான், பர்ஸ்ட் ஷிப்ட் கிடைச்சுதா இல்லியா?"